ஓர்ஸ் ஹில்லில் ஒரு நோர்வே அறை

சின்ன வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்யும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை சொல்லச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். உற்சாகம் என்னிடம் இல்லை என்று அவர்களிடமே சொன்னேன். பரவாயில்லை, அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார்கள்.

பைன் பலகையில் உப்புக் காற்று ஏறாமல் எப்படிப் பார்ப்பது, வெள்ளைச் சுவராலும் ஒரு நீள யன்னலாலும் சின்ன அறையை எப்படிப் பெரிதாகக் காட்டுவது, பன்புல் பாயை எங்கே விரிப்பது, பிரம்புக் கதிரையை எங்கே போடுவது, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் போனில் பார்த்துக்கொள்ளலாம். நான் ஒரேயொரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடையை மூடுவதற்கு முன் நான் செய்த கடைசிப் பெரிய வேலை அது. அதில் அளவு பிழைக்கவில்லை, மரம் பிழைக்கவில்லை. கேட்டவர் எப்படிக் கேட்டாரோ அப்படியே வந்தது. என் தொழிலில் வேறு எந்த வேலையும் அவ்வளவு அச்சொட்டாக வந்ததில்லை.

தவராசா என் கடைக்கு வந்தது ஒரு காலை நேரம். நாற்பத்தைந்து வயது இருக்கும். முதுகு நோக்காடு உள்ளவர்கள் உட்காருவது போல, கதிரையின் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார். நோர்வேயில் இருந்து வந்துவிட்டதாகவும், இங்கே திருகோணமலையில், ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகத்தைப் பார்த்து இறங்குகிற சரிவில் தாயார் விட்டுப்போன இரண்டு அறை வீடு இருப்பதாகவும் சொன்னார். பிறகு போனை எடுத்துப் படங்களைக் காட்டினார்.

ஸ்கண்டிநேவிய பாணி வேண்டும் என்று வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று உங்களுக்கும் தெரியும். பத்து வீட்டுப் படம் கொண்டுவருவார்கள். ஒன்றில் சுவர் பிடிக்கும், ஒன்றில் விளக்கு பிடிக்கும், மற்றதில் அலுமாரி பிடிக்கும். தவராசா காட்டிய படங்கள் எல்லாம் ஒரே அறையின் படங்கள். வெள்ளைச் சுவர். வெளிறிய மரத்தில் ஒரு சின்னக் கட்டில், ஒரு அலுமாரி. யன்னலோடு ஒட்டி, உட்கார ஒரு மர வாங்கு, அதன்மேல் ஆட்டுத்தோல். கடதாசியால் செய்த வட்ட விளக்கு. மரக்கிளை ஒன்றைச் சீவிச் சுவரில் அறைந்து சட்டை மாட்ட வைத்திருந்தார்கள். யன்னலுக்கு வெளியே பனி.

“இதே மாதிரி வேணும், அக்கா,” என்றார்.

“வடிவா இருக்கு. இந்த ஊர் வெக்கைக்கு ஏத்த மாதிரிக் கொஞ்சம் மாத்திச் செய்வம், தம்பி.”

“மாத்த வேண்டாம். இதே மாதிரி.”

“ஆட்டுத்தோலுமோ?”

“ஓம். அதுவும்.”

அது ஏதோ சஞ்சிகையில் வந்த அறை என்றுதான் நான் முதலில் நினைத்தேன். வீட்டைப் பார்க்கப் போன அன்றுதான் விசயம் தெரிந்தது. அது அவருடைய மகள் மீராவின் அறை. அங்கே அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருந்த அறை. அந்தக் கட்டிலும் வாங்கும் அவர் தன் கையால் செய்தவை. மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, குளிர்கால மாலைகளில் செய்தாராம். பிறகு மனைவியோடு ஒத்துவராமல் பிரிந்துவிட்டார்கள். மகள் தாயோடு போய்விட்டாள். அவர் கொஞ்ச நாள் அதே ஊரில் தனியாக இருந்து பார்த்துவிட்டு, முதுகும் பழுதாகிப் போக, திருகோணமலைக்கு வந்துவிட்டார்.

“ஒரே ஊரில இருந்துகொண்டு பிள்ளையைத் தவணைக்குப் பார்க்கிறதைவிட, தூர இருக்கிறது லேசு எண்டு நினைச்சனான்,” என்றார். “லேசில்லை.”

வருகிற பள்ளிக்கூட விடுமுறைக்கு மகள் வருவதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் அறை தயாராக வேண்டும். “கதவைத் திறந்த உடன அவளுக்குத் தன்ர அறை தெரியோணும். நான் ஒண்டையும் மறக்கேல்லை எண்டு அவளுக்கு விளங்கோணும். வேற ஒண்டும் நான் சொல்லத் தேவையில்லை.”

நான் அளவு நாடாவை எடுத்தேன். கட்டிலுக்கு அளவு எழுத வேண்டும். “மீரா இப்ப என்ன உயரம், தம்பி?” என்று கேட்டேன்.

அவர் கையைத் தன் இடுப்பளவில் வைத்தார். பிறகு யோசித்து நெஞ்சளவுக்கு உயர்த்தினார். இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டார்.

“போனில முகம் மட்டும்தானே தெரியும்,” என்றார்.

என் ஓடாவி, தச்சுவேலை பார்க்கிற நஸீர் நானா, கிண்ணியாக்காரர். பல வருடமாக என்னோடு வேலை செய்தவர். அவர் பக்கத்தில்தான் நின்றார். இரண்டு பேரும் வெளியே வந்தோம். படத்தில் இருந்த கட்டில் எட்டு வயதுப் பிள்ளை படுக்கிற கட்டில். நான் அதே பாணியில், வளர்ந்த ஆள் படுக்கிற அளவுக்குச் செய்யச் சொன்னேன். தவராசாவைக் கேட்கவில்லை. கட்டில் வந்து இறங்கியபோது அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏறிப் படுத்துக் காலை நீட்டினார்.

“எனக்கே நீளம் காணும்,” என்றார். கோபம் இல்லை.

மரத்துக்கு நாங்கள் பெரிதாக அலையவில்லை. துறைமுகத்துக்குச் சாமான் வருகிற பெட்டிகளின் பைன் பலகையைப் பிரித்து விற்பார்கள். அதை வாங்கிச் சீவினோம். நஸீர் நானா சீவும்போது தவராசா சீவல் தூளை அள்ளி முகர்ந்து பார்ப்பார். “இதே மணம்தான்,” என்பார். சுவருக்கு வெள்ளை அடித்தால், அது நீலம் காட்டுகிறது என்பார். அங்கத்தைய வெளிச்சம் வேறு, இங்கத்தைய வெயில் வேறு என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. திரும்ப அடித்தோம். பனி விழுகிற ஊர் யன்னலை, வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதத்தில், நெருப்பு மாதிரி வெயிலில் நின்று பொருத்தினோம். அறை வந்துவிட்டது. போனில் இருந்த படத்தையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தேன். யன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. கட்டிலின் நீளத்தை விட்டால், அது ஒன்றுதான் வித்தியாசம்.

அதன்பிறகு அவர் பிழை பிடிக்கத் தொடங்கினார்.

விளக்கு ஒரு சாண் கீழே வரவேண்டும். இறக்கினோம். இல்லை, முதல் இருந்ததுதான் சரி. திரைச்சீலைத் துணி தடிப்பு. மாற்றினோம். வாங்கு யன்னலுக்கு மிகக் கிட்ட இருக்கிறது. மரக்கிளையின் வளைவு மறுபக்கம் பார்க்க வேண்டும். அதுவரை அவ்வளவு பொறுமையாக இருந்த ஆள், திடீரென்று சின்னச் சின்னக் குறைக்கெல்லாம் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அவசரம் அவசரம் என்றார்.

ஒரு நாள் மத்தியானம், மரக்கிளையைக் கழற்றிக்கொண்டு நின்றபோது, “மீரா எப்ப வாறா, தம்பி?” என்று கேட்டேன்.

“லீவு முடிஞ்சுது, அக்கா.”

எனக்கு விளங்கவில்லை. “அப்ப அவ வரேல்லையோ?”

“வரேல்லை. விருப்பமில்லையாம். தாய்தான் சொன்னவ.”

“பின்ன ஏன் இப்பிடி அவசரப்படுத்துறீங்கள்?”

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். “வேலை முடியேல்லைத்தானே. நான் அவளுக்கு அப்பிடித்தான் சொன்னனான். ‘பரவாயில்லை பிள்ளை, அறை இன்னும் முடியேல்லை, முடிஞ்ச பிறகு வாங்கோ’ எண்டு.”

தம்பி தங்கச்சிமாரே, நீங்கள் இந்தத் தொழிலில் இருந்தால் இப்படி ஒருவரை என்றைக்கோ சந்திப்பீர்கள். வீடு முடியக் கூடாது என்று நினைக்கிறவர். முடிந்தால் அந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டும். முடியாதவரை யாரோ வரப்போகிறார்கள்.

அன்று திரும்பி வரும்போது நஸீர் நானா சொன்னார், “தங்கச்சி, இத்தோட விட்டிருவம். நாம போகப் போக இந்த மனுசன் இன்னும் மோசமாப் போவாரு. வேலை முடிஞ்சிட்டு எண்டு சொல்லிட்டுச் சாமானை ஏத்திட்டு வாங்க.”

“நாங்களும் போகாட்டில் அந்த வீட்டுக்கு ஆர் நானா போறது?”

“அது நம்மட வேலையில்லயே.”

அவர் சொன்னது சரியா, நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் விடவில்லை. கிழமைக்கு ஒருக்கால் போனேன். எதையாவது அசைத்துவைத்தேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தருவார். படத்தில் இல்லாத ஏதாவது ஒன்று ஞாபகம் வந்தது என்று சொல்லுவார். வாங்கின் கீழே ஒரு கூடை இருந்தது, அதற்குள் அவள் கையுறைகளைப் போடுவாள். பன்புல்லில் ஒரு கூடை பின்னுவித்துக் கொடுத்தேன். இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்குக் கையுறை? ஆனாலும் கொடுத்தேன்.

மாரி வந்தது. துறைமுகப் பக்கத்து ஈரம் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்தது. ஆட்டுத்தோலில் பூஞ்சணம் ஏறியது. கட்டிலின் ஒரு கால் ஊதிவிட்டது. எவ்வளவு மரம் வீணானது என்று நான் கணக்குப் பார்த்தேன். அவரோ அன்றுதான் முகம் மலர்ந்து நின்றார். “முழுக்கத் திருப்பிச் செய்யோணும் போல, அக்கா,” என்றார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் முதுகு நோக்காட்டையும் பார்க்காமல், எங்களோடு சேர்ந்து சுவரைச் சுரண்டினார். நான் அவரைச் சந்தோசமாகப் பார்த்தது அந்த நாட்களில் மட்டும்தான்.

அடுத்த வருட விடுமுறைக்கு மீரா வந்தாள். தாயோடு அல்ல, பெரியம்மா குடும்பத்தோடு. அவர்கள் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் தங்கினார்கள். தகப்பனிடம் ஒரு பின்னேரம் வந்துபோவதாகச் சொன்னாள். அதற்கு முதல்நாள் தவராசா கடைக்கு வந்தார். முடி வெட்டியிருந்தார்.

“நீங்களும் வாங்கோ, அக்கா. எனக்குத் தனிய நிக்க ஏலாது.”

“உங்கட பிள்ளையோட கதைக்க நான் ஏன், தம்பி?”

“சும்மா நில்லுங்கோ. அறையைப் பற்றி ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ. அவளா அடையாளம் பிடிக்கோணும்.”

போனேன். மீரா ஹோட்டல் வான் வண்டியில் வந்து இறங்கினாள். தகப்பனை விட உயரம். பதினாலு வயது என்றாலும் பெரிய பெண் மாதிரி நிதானமாக நடந்தாள். தகப்பன் கட்டிப்பிடிப்பதா வேண்டாமா என்று தடுமாறி நிற்க, அவளே அவர் தோளில் கை போட்டாள். நல்ல பிள்ளை. அதை நான் சொல்ல வேண்டும். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

“வீட்டைப் பாருங்கோ பிள்ளை, அப்பா தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்,” என்று தவராசா குசினிக்குள் போய்விட்டார். வேண்டுமென்றுதான் போனார். அவள் தனியாக அந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்.

அவள் திறந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. நான் பின்னால் நின்றதால் முகம் தெரியவில்லை. கதவுப் பிடியை அவள் விடாமல் பிடித்திருந்தது மட்டும் தெரிந்தது.

“அன்ரி, இதை ஆர் இப்பிடிச் செய்யச் சொன்னது?” மெதுவாகக் கேட்டாள். தமிழ் கொஞ்சம் திருத்தமில்லாமல் வந்தது.

“அப்பாதான், பிள்ளை. உங்களுக்காக.”

“இது எங்கட பழைய வீடு.”

“ஓம்.”

“எனக்கு இது ஏலாது, அன்ரி.” குசினிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “இந்தக் கட்டில்ல இருந்துதான் நான் எல்லாம் கேட்டது. அம்மா கத்துறது, அப்பா கத்துறது, சாமான் உடையிறது. ஒவ்வொரு நாளும். வேற வீட்டுக்குப் போனாப் பிறகு அம்மாட்ட நான் முதல் கேட்டது, சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டாம் எண்டு. இப்ப என்ர அறை கடும் பச்சை.”

நான் அந்த அறையை ஒரு வருடத்துக்கு மேலாகச் செய்திருந்தேன். சுவர் எந்த வெள்ளை என்று கேட்டேன். விளக்கு எந்த உயரம் என்று கேட்டேன். அந்த அறையில் என்ன நடந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவர் சுவருக்கு மற்றப் பக்கம் நின்று கத்தியவர். இந்தப் பக்கம் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த நேரம் அவர் தட்டத்தோடு வந்தார். சிரித்த முகம். எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“அடையாளம் பிடிச்சிட்டாவோ?”

அவசரத்தில் எடுக்கிற முடிவைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டிருந்தார்கள். அதுதான் இது. மேசன் வராமல் போனது, மரம் வெடித்தது, வாடிக்கையாளர் சத்தம் போட்டது, இவையெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு ஆள் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்று உங்கள் முகத்தைப் பார்ப்பார். நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டும். பிள்ளையும் என்னைத்தான் பார்த்தாள். சொல்லிவிடாதேங்கோ என்று பார்த்தாளா, நீங்களே சொல்லிவிடுங்கோ என்று பார்த்தாளா, எனக்கு விளங்கவில்லை.

“ஓம் தம்பி,” என்றேன். “கண்ட உடன அடையாளம் பிடிச்சிட்டா.”

அவர் தட்டத்தை விறாந்தை மேசையில் வைத்தார். “எனக்குத் தெரியும்,” என்றார். “எனக்குத் தெரியும், என்ர பிள்ளை மறக்க மாட்டா எண்டு.”

“வடிவா இருக்கு, அப்பா,” என்றாள் மீரா.

விசயம் அதோடு நின்றிருந்தால், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அவள் போயிருப்பாள். ஆனால் நான் சொன்ன சொல் அவரை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. “இண்டைக்கு இஞ்ச நில்லுங்கோ, பிள்ளை. பெரியம்மாவுக்கு நான் சொல்லுறன்,” என்றார்.

“ஏலாது, அப்பா.”

“சரி, கொஞ்ச நேரம் அந்த வாங்கில இருங்கோ. முந்தி இருக்கிற மாதிரி. அப்பா ஒரு படம் எடுக்கிறன்.”

“வேண்டாம், அப்பா.”

“ஒரு படம்தானே,” என்று அவளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார். அவள் கதவு நிலையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். அவர் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு இழுத்தார். அப்போதுதான் அவள் கத்தினாள். முதலில் நோர்வே மொழியில். பிறகு தமிழில்.

“என்னை அதுக்குள்ள விடாதேங்கோ! நான் அதுக்குள்ள போகமாட்டன்! நீங்கள் விட்டிட்டுப் போட்டீங்கள், அப்பா. ஏன் திருப்பி இதைக் கட்டினனீங்கள்? ஏன் என்னைக் கேக்கேல்லை?”

அவர் கையை விட்டுவிட்டார். அவள் விறாந்தைத் தூணோடு நின்று அழுதாள். என்னிடம் சொன்னதையெல்லாம் அவரிடமும் சொன்னாள். கடைசியில் அவளே, “சொரி, அப்பா,” என்றாள். முகத்தைக் கழுவினாள். ஆறிப்போன தேத்தண்ணியை நின்றபடியே குடித்தாள். வான் வந்தது. போகும்போது என்னிடம், “போட்டு வாறன், அன்ரி,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

தவராசா படியில் இருந்தார். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் நின்றது. அதைப் பார்ப்பது போல இருந்தார்.

“உங்களுக்கு முதலே சொன்னவளோ, அக்கா?”

“ஓம், தம்பி. நீங்கள் குசினிக்குள்ள நிண்ட நேரம்.”

“எனக்குச் சொல்லியிருக்கலாம்.”

“ஓம்.”

அவ்வளவுதான் கதைத்தோம். நான் சொல்லியிருந்தால் அவர் அதை என் வாயால் கேட்டிருப்பார். பிள்ளை கத்த வேண்டி வந்திருக்காது. அவர் அவளை இழுத்திருக்க மாட்டார். மற்றது எல்லாம் அப்படியேதான் இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாளைக்கு அதை நம்ப முடிகிறது.

அடுத்த கிழமை அவர் ஆள் அனுப்பினார். எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். நானும் நஸீர் நானாவும் போனோம். கட்டில், வாங்கு, விளக்கு, திரைச்சீலை, கூடை, மரக்கிளை, எல்லாம் இறக்கி லொறியில் ஏற்றினோம். எங்கே கொண்டுபோகிறோம் என்று அவர் கேட்கவில்லை. அலுமாரியை நகர்த்தியபோது சுவரில் பூஞ்சணம் திரும்பவும் கறுத்துக் கிடந்தது. நஸீர் நானா துணியை எடுத்தார்.

“அது கிடக்கட்டும், நானா,” என்றார் தவராசா.

“வேற நிறம் ஒண்டு அடிச்சுத் தரட்டோ?” என்று நான் கேட்டேன்.

“வேண்டாம், அக்கா. இனி ஒண்டும் செய்யாதேங்கோ.”

அன்று சாயங்காலம் நஸீர் நானா லொறியில் ஏறுவதற்கு முன் என்னிடம் சொன்னார், “தங்கச்சி, நான் கிண்ணியாவிலேயே ஏதும் பாத்துக்கொள்ளுறன்.” அவரும் போன பிறகு நான் கடையை அதிக நாள் வைத்திருக்கவில்லை. கண் தெரியவில்லை என்று ஆட்களுக்குச் சொன்னேன். கண்ணும் மங்கித்தான் இருந்தது.

உங்களுக்குச் சொல்ல ஒரேயொரு விசயம் இருக்கிறது. யாருக்காக அறை செய்கிறீர்களோ, அந்த ஆளோடு கதையுங்கள். கூப்பிடுகிற ஆளோடு மட்டும் கதைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். அந்த ஆளோடு கதைக்க வழியில்லை என்றால் அந்த வேலையை எடுக்காதீர்கள். நான் எடுக்காமல் விட்டிருந்தால் தவராசா இன்னொருவரிடம் போயிருப்பார், அதுவும் எனக்குத் தெரியும். அதனால் இதை ஒரு புத்திமதி என்று எடுத்துக்கொள்ளவும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

போன மாதம் சந்தையில் தவராசாவைக் கண்டேன். வற்றிப்போயிருந்தார். பக்கத்தில் ஒரு சிநேகிதர் நின்றார். புதிதாக வீடு கட்டுகிறாராம்.

“இவதான் என்ர வீட்டைச் செய்து தந்தவ,” என்று தவராசா என்னை அறிமுகம் செய்தார். “நோர்வேயில இருக்கிற மாதிரி. அச்சொட்டா. இந்த ஊரில வேற ஒருத்தராலும் ஏலாது.”

“அப்ப நாங்கள் ஒருநாள் வந்து பாக்கலாமோ?” என்று கேட்டார் அந்த மனிதர்.

“ஓம், வாங்கோவன்,” என்றார் தவராசா.

அந்த வீட்டில் பார்க்க ஒன்றுமில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மனிதர் என் பக்கம் திரும்பி, சரிதானா என்பது போலப் பார்த்தார்.

“ஓம்,” என்றேன். “போய்ப் பாருங்கோ.”